சூலம் நட்ட இடம்

மலேசியாவில், சித்தியவான் பக்கத்துக் குடாவில் சோதனைக்குச் சேறு எடுக்க வந்த அரசாங்க ஆட்களுக்குச் சம்பான் படகு ஓட்டும் வேலை கிடைத்தபோது, எஸ்டேட் லயத்தில் எல்லோரும் பிச்சைமுத்துவை அதிர்ஷ்டக்காரர் என்றார்கள். அதிர்ஷ்டமாவது, மண்ணாங்கட்டியாவது! அந்தக் குடாவில் எந்த இடத்தைத் தோண்டக் கூடாது என்று தெரிந்த ஒரே மனுஷர் அவர்தான்.

எண்பத்து நாலாம் வருஷம் அது. கெராங் சிப்பிகள் வாயைப் பிளந்து குவியல் குவியலாகச் செத்துக் கிடந்தன. சேற்றில் பாஷாணம் கலந்திருக்கிறது என்று ஈப்போவிலிருந்து வந்த அதிகாரி ராமசுப்பிரமணியன் கண்டுபிடித்துவிட்டார். செட்டிநாட்டுக் குடும்பத்துப் பிள்ளை. நெற்றியில் விபூதி இல்லாமல் படகில் கால் வைக்க மாட்டார். நீளக் குழாயைச் சேற்றில் இறக்கி உருவி, உள்ளே நிற்பதைத் துண்டு துண்டாக வெட்டிப் புட்டிகளில் அடைப்பார். விஷம் எங்கிருந்து கசிகிறது என்பதுதான் பிடிபடவில்லை. அது தெரிந்தால்தானே அள்ளி அப்புறப்படுத்த முடியும்?

எட்டு வருஷத்துக்கு முன்னால், எஸ்டேட் ஸ்டோரில் துருப்பிடித்துக் கிடந்த, களையைக் கொல்லும் பாஷாணம் கலந்த பழைய புல் மருந்து டிரம்களைக் காதும் காதும் வைத்தாற்போல் ஒழித்துக்கட்டச் சொன்னார் தொரை. வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் பத்துமலையும் பிச்சைமுத்துவும் பதினாலு டிரம்களைக் குடாவின் ஓரத்தில் குழி வெட்டிப் புதைத்தார்கள். பின்னால் யாராவது தோண்டிவிட்டால் என்ன செய்வது? பத்துமலைக்கு அதற்கும் மூளை இருந்தது.

"ஒரு சூலத்த நட்டு மஞ்சத்துணி கட்டிரு லா. அப்புறம் நம்மாளு எவனும் மம்பட்டியோட கிட்ட வரமாட்டான்."

நட்டார்கள். முதல் மாதம் எலுமிச்சம்பழம் வந்தது. அடுத்து சுருட்டும் சாராயமும். ஆறு மாதத்தில் அது முனியாண்டி கோயில்! சூலத்தடிச் சேற்றை நெற்றியில் இட்டு, ஒரு சிட்டிகை வாயிலும் போட்டால் நினைத்தது நடக்கும் என்று எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டானோ தெரியாது. பத்துமலை போன வருஷம் கண்ணை மூடிவிட்டார். ரகசியம் முழுவதும் பிச்சைமுத்துவின் தலையில் விழுந்தது.

அவருக்கு ஒரே மகள், நவமணி. கல்யாணமான நாள் முதல் வெள்ளிக்கிழமை தவறாமல் சூலத்தடிக்குப் போவாள். இரண்டு கர்ப்பம் தங்கவில்லை. இப்போது மூன்றாவது, ஐந்து மாதம்.

"அந்தச் சேறு நாறுதும்மா, வேணாம்" என்று சொல்லிப் பார்த்தார்.

"சாமி மண்ணப் போயி நாறுதுங்கிறீங்களேப்பா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கடல் தண்ணீர் எல்லாவற்றையும் கழுவியிருக்கும் என்று இத்தனை நாள் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தார். சிப்பிகள் செத்ததும் அந்தச் சாக்கும் போனது. சொன்னால் ஜெயில். தொரை சீமைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார், மாட்டப்போவது இவர் ஒருவர்தான். சொல்லாவிட்டால் வெள்ளிக்கு வெள்ளி மகள் வாயில் விஷம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

வேலையின் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமையாக வாய்த்தது. தண்ணீர் வற்றிக் கரைச் சேறு வெளியே தெரிந்தது.

"இந்த ஒரு எடந்தான் பாக்கி" என்று ராமசுப்பிரமணியன் சூலத்தைப் பார்த்தார்.

குழாயைக் குத்தட்டும், குத்தட்டும் என்று பிச்சைமுத்து உள்ளுக்குள் கெஞ்சினார். அவர் வாயைத் திறக்காமலே எல்லாம் முடிந்துவிடுமே!

ராமசுப்பிரமணியன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "வேணாம்ணே. சாமி இருக்கிற எடத்துல கொழாய எறக்குறது பாவம். வெசம் ஆத்து வாயிலருந்து வருதுன்னு எழுதிட்டு, அங்கயே அள்ளச் சொல்லிரலாம்."

அந்த நேரம் பார்த்து நவமணி வந்தாள். கற்பூரம் ஏற்றினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, சேற்றைத் தொட்டு நெற்றியில் இட்டாள். அடுத்த சிட்டிகை வாய்க்குப் போனது.

பிச்சைமுத்து படகிலிருந்து குதித்தார். முழங்கால் சேற்றில் விழுந்து எழுந்து ஓடி, அவள் கையைப் பிடித்தார்.

"துப்பும்மா! சாமி இல்ல அது. கீழ புல்லு மருந்து இருக்கு, பதினாலு டிரம். நான்தான் பொதச்சேன். இந்தச் சூலத்த நட்டதும் நான்தான்."

எட்டு வருஷத்துப் பாரம் இறங்கியதுபோல் ஒரு கணம் இருந்தது. இனி போலீஸ் வரட்டும், யார் வேண்டுமானாலும் வரட்டும் என்று தோன்றியது.

நவமணி துப்பினாள். ராமசுப்பிரமணியன் ஓடிவந்து நீட்டிய தண்ணீரில் மூன்று முறை வாய் கொப்பளித்தாள். பிறகு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை.

"அப்ப, அந்த ரெண்டு புள்ளைங்க?" என்று கேட்டாள்.

போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் சொல்ல வேண்டிய பதில்களையெல்லாம் பிச்சைமுத்து எப்போதோ தயார் செய்து வைத்திருந்தார். படித்தவர், அவராவது ஏதாவது சொல்லமாட்டாரா என்று அதிகாரியின் பக்கம் திரும்பினார். ராமசுப்பிரமணியன் தலையைக் குனிந்துகொண்டு, சூலத்தடியில் குழாயை இறக்கிக்கொண்டிருந்தார்.