பழைய பித்தளைக்குப் பூச்சியம்

இயந்திரப் பாகங்கள் வார்த்துக் கடையும் அலவி நானாவின் பட்டறையில் கம்பியூட்டர் முன்னால் உட்காரத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அந்தப் பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது 2004ஆம் ஆண்டு. அதுவரை நானா பொருளைக் கையில் வாங்கிப் பார்த்து, தராசில் போட்டு, வாயாலேயே விலை சொல்லுவார். தேயிலைத் தோட்டக் கம்பனிகள் அச்சடித்த மதிப்பீடு கேட்கத் தொடங்கியதும் எங்கள் பதுளைப் பட்டறைக்கும் ஒரு மென்பொருள் வந்தது. எத்தனை கிலோ உலோகம், கடைசலுக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு சேதாரம் என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். நிரப்பினால், அந்தப் பாகத்தைச் செய்ய என்ன செலவாகும் என்று கடைசி வரியில் சொல்லிவிடும்.

மாசி மாதம் எங்கள் தோட்டத்திலிருந்தே வேலை வந்தது. நமுனுகுலவில் என் அப்பா கணபதி கொழுந்து அரைக்கும் ரோலரில் நின்ற அதே ஃபெக்டரி. ரோலர்களின் தண்டு உள்ளே சுழலும் பித்தளை வளையங்கள், அந்தப் புஷ் பன்னிரண்டும் தேய்ந்துபோய், இரண்டு சாக்கில் வந்து இறங்கின.

"செலவு கூடுனா ஃபெக்டரிய மூடிட்டு, கொழுந்த பக்கத்துத் தோட்டத்துக்கு ஏத்திருவாங்களாம் சுதா. பாத்துப் போடு" என்றார் அப்பா. கம்பனி எவ்வளவு வரைக்கும் கொடுக்கும் என்று யாருக்கும் தெரியாது.

நானா கண் ஆபரேஷனுக்குக் கொழும்பு போயிருந்தார். நானே உட்கார்ந்து நிரப்பினேன். கடைசல் நேரத்தைக் கிள்ளிக் கிள்ளிக் குறைத்தேன். அப்போதுதான் அந்தக் கட்டம் வந்தது: பழைய உலோகத்தின் பெறுமதி.

எங்கள் பட்டறை வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. கொண்டுவரும் பழைய பித்தளையை நிறுத்து, அதன் விலையைக் கழித்து, அதையே உருக்கி வார்ப்போம். சாக்குகளை நிறுத்தும் இருந்தேன். அறுபத்திரண்டு கிலோ. ஆனாலும் கை நகரவில்லை.

எனக்குப் பத்து வயதில் ஃபெக்டரியில் ஒரு புஷ் காணாமல் போனது. வாட்ச்சர்மார் நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவுக்குள் நுழைந்து அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள், என் புத்தகப் பையைக் கொட்டினார்கள். காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் அத்தனை பேர் முன்னால் அப்பாவை நிறுத்தி, பித்தளையை எங்கே விற்றாய் என்று கேட்டார்கள். மூன்றாம் வாரம் அந்தப் புஷ் ரோலருக்கு அடியிலேயே கிடந்தது. யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா வீட்டிலிருந்த பித்தளைச் செம்பைக்கூடக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டாள்.

மதிப்பீட்டின் அடியில் தயாரித்தவர் பெயர் அச்சாகும்: கணபதி சுதர்ஷினி. கணபதி மகள் தோட்டத்துப் பித்தளையை விலை போட்டு எடுத்துக்கொண்டாள் என்று ஒரு வாய் சொன்னால் போதும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? பூச்சியம் போட்டேன். தொண்ணூற்றோராயிரம் என்று வந்தது. ஃபெக்ஸில் அனுப்பினேன்.

நானா கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்த அன்று, தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"பழசக் கழிக்கலயா மகள்?"

கழித்தால் அறுபத்தாறாயிரத்து இருநூறு. உடனே திருத்தி அனுப்பினேன். பதில் மறுநாளே வந்தது. எழுபத்தையாயிரம்தான் எல்லை, அதற்கு மேல் போனதால் ஃபெக்டரியை மூட முடிவாகி, கொழுந்து ஏற்ற லொறிக்காரருடன் ஒப்பந்தமும் ஆகிவிட்டது என்று எழுதியிருந்தார்கள். நானா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்பாவைத் தேயிலை மலையில் பூச்சிமருந்தடிக்கப் போட்டார்கள். ஐம்பத்தாறு வயதில், முதுகில் மருந்துத் தாங்கியோடு. அடுத்த வாரம் பழைய புஷ்களைத் திருப்பி எடுத்துவர அவரைத்தான் அனுப்பினார்கள். கை முழுக்க மருந்து வாடை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதேன்.

அப்பா சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னைய கள்ளன்னு சொல்லிருவாங்கன்னு பயந்தியா?"

"ஆமாப்பா."

"நானும் அதுக்குத்தான் பயந்துக்கிட்டே இருந்தேன். ஒனக்கும் தொத்த வச்சுட்டேன் போல."

என் தலையில் ஒரு தரம் கை வைத்தார். பிறகு சாக்கைத் தூக்கப் போனவர் நின்று, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"துண்டுச் சீட்டு ஒண்ணு எழுதிக் குடு சுதா. துண்டு இல்லாம இத ஃபெக்டரி கேட்டுக்குள்ள கொண்டு போக ஏலாது. கிலோவ எழுத்துலயும் எழுது."

பேனாவை எடுத்தேன். பழைய பித்தளை, அறுபத்திரண்டு கிலோ என்று எழுதி, அடியில் என் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.