இரண்டு தட்டும் ஒரு வாலும்

அன்றைக்கு மழை முதலில் வந்ததா, ரேடியோ முதலில் ஊமையானதா என்று என்னால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கண்ணாடிக் கடைக்காரரைக் கேட்டால் மழைதான் என்பார். வானம் வெறிச்சென்று இருந்தபோதே ஊமையாகிவிட்டது என்று அவருடைய அண்ணி சாதிப்பார். இருவரும் சொல்லிக் கேட்டதுதான் எனக்குத் தெரியும். ஆளுக்குப் பாதி நம்பிச் சொல்கிறேன்.

ஊருக்கு நடுவே ஒரு குன்று. கண்ணாடிக்காரரின் கடையும் வீடும் இந்தப் பக்கம். அண்ணன் வீடு அந்தப் பக்கம். இளவயதில் இரண்டு பேரும் ஒன்றாகப் பரீட்சை எழுதி, அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கியவர்கள். கையடக்க ரேடியோவின் குரல் குன்றைத் தாண்டாது. அதற்காக ஊர் ரேடியோக்காரர்கள் குன்றின் மேலுள்ள தண்ணீர்த் தொட்டியில் ஒரு ரிப்பீட்டர் வைத்திருந்தார்கள். இந்தப் பக்கத்து மெலிந்த குரலை வாங்கி, அந்தப் பக்கத்துக்கு உரக்கத் திருப்பிச் சொல்கிற பெட்டி. பொத்தானை விட்ட பிறகும் பெட்டி சட்டென்று அடங்காது. ஒரு மூச்சு நேரம் இரைந்துவிட்டு, 'பீப்' என்று முடிக்கும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் வால்.

அண்ணன் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு வாசித்தவர். எந்த வண்டி எந்த நடைமேடையிலிருந்து புறப்படும் என்று காலமெல்லாம் சொன்ன குரல். ஒருநாள் மூளையில் ரத்தக்குழாய் அடைத்தது. கையும் காலும் மெல்லத் திரும்பி வந்தன, வார்த்தைகள் வரவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. "புறப்படும்." தண்ணீர் வேண்டுமென்றாலும் புறப்படும், முதுகு வலித்தாலும் புறப்படும்.

"நல்லவேளை, 'வருந்துகிறோம்' தங்கல. நாள் முழுக்க அதக் கேட்டுட்டு யாரு இருக்கிறது" என்பார் அண்ணி. சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனால் கொஞ்ச நேரம் வெளியே வரமாட்டார்.

புள்ளியும் கோடுமாக மோர்ஸ் தட்டலாமே என்று கண்ணாடிக்காரர் முயன்று பார்த்தார். மோர்ஸும் எழுத்துதானே, அதுவும் போயிருந்தது. தொலைபேசியைக் கண்டால் அண்ணனுக்கு உடம்பு உதறும். எடுத்தால் ஏதாவது சொல்லியாக வேண்டுமே. ரேடியோ எதையும் கேட்பதில்லை. ஒரே பொத்தான். அதனால் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் அண்ணன் இரண்டு முறை அழுத்துவார். இரண்டு வால். நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். தம்பி ஒருமுறை அழுத்துவார். கேட்டது என்று அர்த்தம். அவ்வளவுதான் பேச்சு.

பெயர் சொல்லாமல் பொத்தானை அழுத்துவது அந்த வட்டாரத்தில் மரியாதைக்குறைவு. மற்ற ரேடியோக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

"யாருப்பா அது தினமும்? கதவத் தட்டிட்டு ஓடுற மாதிரி?"

"தட்டான். சாயங்காலம் ஆனாப் பறக்கும்."

"அதெல்லாம் வராம அடைச்சு விடுங்க, லிப்ட்காரம்மா."

லிப்ட்காரம்மா என்பவர்தான் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டவர். லிப்ட் பழுதுபார்க்கும் வேலை. "தட்டான் இருக்கட்டும்," என்றார் அவர். "பேசுற நீங்க எப்பப் பணம் தருவீங்க? பேட்டரி வயிறு வீங்கிக் கெடக்கு. கேபிள் மாத்தணும். தொட்டி மேல என்கூட ஏற ஒரு ஆள் வேணும்."

உடனே அலைவரிசை அமைதியாகிவிடும். கண்ணாடிக்காரரும் கடையில் உட்கார்ந்தபடி அந்த அமைதியில் சேர்ந்துகொள்வார். மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் கொடுக்கட்டும்; நான் ஒரு தட்டு தட்டுகிறவன்தானே என்பது அவர் கணக்கு.

அந்தச் சாயங்காலம் இரண்டு வாலும் வரவில்லை.

ரேடியோவை மேசைமேல் நிற்கவைத்துவிட்டு, முன்னால் உட்கார்ந்தார். கண்ணாடி வாங்க வந்த ஒருவரை நாளைக்கு வரச் சொன்னார். மழை ஓட்டின் மேல் அடித்தது. அண்ணியின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. அண்ணன் விழுந்துவிட்டார் என்று மனம் சொன்னது. பிறகு அந்த விழுந்த இடத்தைக்கூட அது காட்டத் தொடங்கியது. குளியலறை வாசல், ஈரமான மிதியடி. கடையைப் பூட்டினாரா இல்லையா என்பது நினைவில்லாமலே குன்றைச் சுற்றிப் போகும் பேருந்தில் ஏறினார்.

கதவைத் திறந்த அண்ணியின் முகம் வாடிக் கிடந்தது.

"அவருக்கு ஒண்ணும் இல்லயே, அண்ணி?"

"உனக்கு ஒண்ணும் இல்லயே? அத மொதல்ல சொல்லு. இங்க ஒரே ரகளை."

அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ரேடியோவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். கட்டைவிரல் பொத்தானை அழுத்தி அழுத்திச் சிவந்திருந்தது. தம்பியைப் பார்த்ததும் விரல் நின்றது. தம்பியின் நனைந்த சட்டையைத் தொட்டார்; தோளை, கன்னத்தை, பிறகு மறுபடி தோளை.

"புறப்படும்," என்றார். "புறப்படும்."

"நீ பதில் தரலன்னு இவ்வளவும்," என்றார் அண்ணி. "கோவிச்சுக்கிட்டியோன்னு நெனச்சாரா, செத்துட்டியோன்னு நெனச்சாரா தெரியல. போனை எங்க வெச்சேன்னு தேடக்கூட விடல."

கண்ணாடிக்காரர் அண்ணனின் கட்டைவிரலைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். மழை விடும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். இரண்டு பேரும் நன்றாகத்தான் இருந்தார்கள். நடுவில் இருந்த ஒன்றுதான் இல்லாமல் போயிருந்தது. அந்த ஒன்றைப்பற்றித் தான் ஒருநாளும் யோசித்ததில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை அவர் குன்றேறினார். லிப்ட்காரம்மா ஏற்கெனவே தொட்டியின் மேல் இருந்தார். இடுப்பில் கயிறு, கையில் ஒட்டு நாடாச் சுருள்.

"கீழ நிக்கிறது யாரு? கண்ணாடி அண்ணாவா? வழி தவறிட்டீங்களா?"

"பெட்டி நின்னு போச்சு. அதான்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் பேசவே மாட்டீங்களே."

தலையைக் குனிந்துகொண்டு அவர் சொன்னார். அண்ணன், இரண்டு தட்டு, பேருந்து, சிவந்த விரல், எல்லாம். மேலே வேலை நின்றுவிட்டது.

"ஏன் அண்ணா, உங்க பட்டன ஒரு தடவ அழுத்தியிருந்தா போதுமே. வால் வரலன்னா பெட்டிதான் செத்துச்சுன்னு தெரிஞ்சிருக்கும். மழையில ஓடியிருக்க வேண்டாமே."

"அது அண்ணனோட முறை. அவர் முடிக்காம நான் எப்படி அழுத்துறது? அவர் தட்டு மேல என் தட்டு விழுந்துருமே."

லிப்ட்காரம்மா சிரிக்கவில்லை. ரேடியோக்காரர்களுக்கு மட்டும் புரிகிற தவறு அது. "அப்போ தட்டான் அவர்தானா," என்றார் மெல்ல. "பெட்டி செத்தது எனக்கும் நேத்து அவராலதான் தெரிஞ்சது. வேலையெல்லாம் முடிச்சு உக்காந்து, தட்டான் வந்தா பெட்டி உயிரோட இருக்குன்னு நெனச்சுப்பேன். நேத்து வரல. நான் அழுத்திப் பாத்தேன், வால் இல்ல. உங்க அண்ணன்தான் இதுக்கு வாட்ச்மேன். அவரையா அடைக்கச் சொன்னாங்க?"

"நான் இத்தன நாளா ஒண்ணுமே தந்ததில்ல," என்றார் கண்ணாடிக்காரர்.

"கீழ்த்தளத்து வீட்டுக்காரங்க எல்லாரும் அப்படித்தான். லிப்ட் பராமரிப்புக்குக் கேட்டா, நான் படியில போறவன்னுவாங்க. கால் ஒடியிற வரைக்கும் படிதான். சரி, அந்தப் புதுக் கேபிள் முனையைப் பிடிச்சுட்டு ஏறுங்க. கீழ பாக்காதீங்க."

அவர் கீழே பார்த்தார். பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். பழைய கேபிளைக் கழற்றியபோது அதன் முனையிலிருந்து தண்ணீர் சொட்டியது. எந்த மழையில் புகுந்ததோ. புதியதை மாட்டி, நாடாவை இழுத்து இழுத்துச் சுற்றினார்கள். பேட்டரிக்கு ஆகும் செலவைத் தானே தருவதாக அவர் சொன்னார். கேபிளுக்கும் சேர்த்துக் கேட்க வெட்கமில்லை எனக்கு என்றார் லிப்ட்காரம்மா.

அன்று சாயங்காலம் கண்ணாடிக்காரர் முதல்முறையாக அலைவரிசையில் வாய் திறந்தார். எழுதி வைத்துப் பேசவில்லை, அதனால் திக்கியது. தட்டான் என் அண்ணன் என்றார். நமக்குள் குரல் போனவர்களும் இருக்கிறார்கள், நாளைக்கு நம்மில் யாருக்கும் போகலாம், அன்றைக்கும் இந்தப் பெட்டி நமக்காக உரக்கச் சொல்லும், அதை லிப்ட்காரம்மா ஒருத்தர் தலையில் கட்டிவிட்டு நாம் அரட்டை அடிக்கலாமா என்றார். பொத்தானை விட்டார். வால் இரைந்து அடங்கியது.

அடுத்ததாக இரண்டு தட்டு வந்தது. பிறகு, யாரும் எதிர்பாராமல், மூன்றாவதாக ஒருமுறை பொத்தான் அழுந்தியது.

"புறப்படும்," என்றது பேருந்து நிலையத்தின் பழைய குரல்.

"கேட்டது, அண்ணா," என்றார், தட்டான் என்று பெயர் வைத்தவர். "தெளிவாக் கேட்டது."

அதன் பிறகு அண்ணனுக்கு வேறு வார்த்தை எதுவும் வரவில்லை. அவருக்காகப் பெயர் சொல்ல அண்ணியே உரிமத் தேர்வு எழுதி, இரண்டாவது தடவையில் தேறினார். ரேடியோக்காரர்களில் பலர் பெட்டிக்குப் பங்கு கொடுத்தார்கள். சிலர் இன்றுவரை கொடுக்கவில்லை. தொட்டிமேல் ஏற முறை வைத்துக்கொண்டார்கள். கண்ணாடிக்காரர் தன் முறையில் இப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் ஏறுகிறார். அண்ணன் சில வருடங்கள் கழித்துத் தூக்கத்திலேயே இறந்துபோனார். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் தம்பி இரண்டு முறை அழுத்துகிறார். பெட்டி நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, லிப்ட்காரம்மா ஒருமுறை அழுத்துகிறார்.