போகாத லண்டன்

“லண்டனில் எந்தப் பகுதியில் இருந்தீர்கள்?”

சாரங்கிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நான் லண்டனுக்குப் போனதே இல்லையே!”

கோப்பன்ஹேகனில், ஜன்னல் இல்லாத அந்த அறையில், பாதுகாப்பு அதிகாரி லோனே புருவத்தைக்கூட அசைக்கவில்லை. அரசாங்கக் கணினிகளைக் காக்கும் வேலை சாரங்கிக்குக் கிடைத்தாயிற்று. பாதுகாப்பு அனுமதி ஒன்றுதான் பாக்கி. பல்கலைக்கழக நாட்களில் கொக்கெயின் பழகியதையும், ஒரு வருடம் சிகிச்சை இல்லத்தில் கிடந்து மீண்டதையும் அவள் முதல் சந்திப்பிலேயே ஒளிக்காமல் சொல்லியிருந்தாள்.

“உங்கள் நண்பர் துவாரகன் வேறு கதை சொல்கிறார். அந்த வருடம் நீங்கள் லண்டனில் படித்தீர்களாம். அங்கிருந்து அவருக்கு ஒரு ஃபுட்போல் ஜேர்சிகூட அனுப்பினீர்களாம்.”

ஜேர்சி!

அது அப்பாவின் வேலை. மகள் எங்கே என்று கேட்ட சனத்துக்கெல்லாம் ‘லண்டன்’ என்றவர், தாங்கள் வசிக்கும் ஹொல்ஸ்டெப்ரோ ஊர்க் கடையிலேயே சாமான் வாங்கி, மகள் அனுப்பியதாக வீடு வீடாகக் கொடுத்தார். சின்ன வயதிலிருந்தே தன்னைத் தெரிந்தவன் என்று விசாரணைக்குத் துவாரகனின் பெயரைக் கொடுத்த சாரங்கி, அவனும் அந்தப் பொய்யை நம்பியவன் என்பதை அடியோடு மறந்து போயிருந்தாள்.

“சிகிச்சை இல்லத்தில் விசாரித்தோம். நீங்கள் சொன்னது உண்மை. விட்டுப்போன போதைப் பழக்கம் எனக்குப் பெரிய தடையில்லை,” என்றார் லோனே. “ஆனால் அதை ஊருக்குத் தெரியாமல் மூடி வைக்க இன்னும் பாடுபடும் குடும்பம்? பிற்காலத்தில் எவனாவது ‘வெளியே சொல்லவா?’ என்று உங்களை மிரட்டலாம். நாளை உங்கள் அப்பாவுடன் பேசுகிறேன். அவர் வாயால் உண்மை வந்தால், மிரட்ட எவனுக்கும் எதுவும் மிஞ்சாது. வராவிட்டால் அனுமதி இல்லை.”

அடுத்த ரயிலிலேயே ஹொல்ஸ்டெப்ரோவுக்குப் பறந்தாள்.

“உனக்கென்ன விசரே? இதையெல்லாம் ஏன் சொன்னனீ?” அப்பா சிறீஸ்கந்தராசா தலையில் கை வைத்தார்.

“பொய் சொன்னால்தானப்பா பிரச்சினை. லண்டன் இல்லை, சிகிச்சை எண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான்.”

“அப்ப அந்த ஜேர்சி?”

“அதையும் சொல்லுங்கோ!”

“ஜேர்சிக்கு நான் பொறுப்பில்லை,” என்று குசினி அடுப்பருகிலிருந்து குரல் கொடுத்தாள் அம்மா. “நான் சொக்கிலேட் மட்டும்தான் குடுத்தனான்.”

சாரங்கிக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. அப்பா தலையிலிருந்து கையை எடுத்தார்.

“சரி பிள்ளை. சொல்லுறன்.”

மறுநாள் காலை தொலைபேசி அடித்தது. அப்பா எழுந்து நின்று, சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, ஸ்பீக்கரைப் போட்டார். லோனே தன் பெயரையும் அலுவலகத்தையும் சொல்லிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

“அந்த வருடம் உங்கள் மகள் எங்கே இருந்தார்?”

அப்பாவின் பார்வை சாரங்கியின் மேல் நிலைத்தது.

“லண்டனில்,” என்றார். “படித்தாள். நல்ல பிள்ளை. ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது.”

“அப்பா!”

அவர் தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

“என்ன செய்தனீங்கள்? சொல்லுறன் எண்டுதானே சொன்னனீங்கள்?”

“அண்டைக்கும் இப்பிடித்தான். ஊரில சண்டை நேரம் ஆமிக்காரன் வாசலில வந்து நிண்டு, உன்ர தம்பி எங்க எண்டு கேட்டவன். மரியாதையாத்தான் கேட்டவன். நான் உண்மையைச் சொன்னன்.” அவர் சுவரில் மாலையிட்டிருந்த படத்தைக் காட்டினார். “உன்ர சித்தப்பாவை நீ படத்தில மட்டும்தானே பாத்தனீ? அரசாங்கம் கேட்டால் பிள்ளை வெளிநாட்டில. வேற கதை இல்லை. என்ர வாயால உன்னையும் காட்டிக் குடுப்பனே?”

சாரங்கியின் கையிலிருந்த கைபேசி அதிர்ந்தது. திரையில் லோனேயின் பெயர்.

அப்பா எட்டிப் பார்த்தார். அவர் முகம் முழுக்க நிம்மதி பரவியது.

“பாத்தியே, உடனேயே கோல் எடுக்கினம். பயப்பிடாமல் போனை எடுத்துக் கதை. நான் உன்னைக் காப்பாத்திப் போட்டன்.”