பிளாஸ்டிக் பிரித்த ஏரி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதாம் வருஷம் ஐப்பசி மழைக்குப் பிறகு, பழவேற்காடு ஏரி தன்னிடம் வந்து சேர்ந்த பிளாஸ்டிக்கை இனம் பிரித்துக் கரையில் வைக்கத் தொடங்கியது. அதை முதலில் பார்த்தவள் ஜைனம்பு. கணவன் இறந்தபிறகு, பக்கிங்காம் கால்வாய் வழியாகச் சென்னையிலிருந்து மிதந்து வரும் உடைந்த வாளி, பிய்ந்த செருப்பு, பால் கவர் இவற்றைப் பொறுக்கி விற்றுத்தான் அவள் தன் இரண்டு பெண்களையும் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அன்று காலை கோணியோடு கரைக்குப் போனால், வாளிகள் ஒரு குவியலாகவும் மருந்துக் குப்பிகள் ஒரு குவியலாகவும் கிடந்தன. பைகள் கழுவிக் காயப்போட்டதுபோலத் தனியே விரிந்திருந்தன. கூட வந்த இந்திராணி மீனவர் குப்பத்துக்காரி. எவளோ முந்திக்கொண்டு வந்து பிரித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்து அவள் கொஞ்ச நேரம் வைதாள். அப்போது ஓர் அலை வந்து, குப்பிகளுக்கு நடுவில் கிடந்த ஒரு சீப்பை எடுத்துச் சீப்புகளோடு வைத்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. "அக்கா, இது ஏரி வேலை," என்றாள் இந்திராணி. இருவரும் குனிந்து அள்ளத் தொடங்கினார்கள்.

அதுவரை கலந்து கிடக்கும் பிளாஸ்டிக்குக்கு மதிப்பில்லை. பொன்னேரியில் பழைய சாமான் கடை வைத்திருந்த கண்ணப்பன் அதைப் பெண்களுக்கு இரங்கி வாங்குவதுபோலத்தான் வாங்குவான். எல்லாவற்றையும் ஒன்றாக உருக்கினால், தட்டினால் உடைகிற கறுப்புக் கட்டிதான் மிஞ்சும். ஆள் வைத்துப் பிரித்தால் கட்டுபடியாகாது. வெளிநாட்டில் இதற்கென்று மெஷின் இருக்கிறது, அதன் விலைக்கு இங்கே ஒரு சினிமா கொட்டகை கட்டலாம் என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். ஏரியோ அந்த மெஷினை விடத் துல்லியமாகப் பிரித்தது. ஒரே மாதிரி தெரியும் இரண்டு வாளிகளில், உருக்கினால் மற்றதோடு சேராத வாளியைத் தள்ளி வைத்தது. அடுத்த வருஷம் நிறம் பிரிக்கவும் கற்றுக்கொண்டது. அந்தச் சரக்கை உருக்கினால் புதுசு போலவே வந்தது. சென்னையில் வாளி செய்கிறவர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். கண்ணப்பன் மாடி வீடு கட்டினான், கார் வாங்கினான், பெண்களுக்குக் கொடுக்கும் விலையைப் பாதியாகக் குறைத்தான்.

"பிரிக்கறது ஏரி. சும்மா அள்றதுக்கு இன்னாமா அவ்ளோ கேக்கற?" என்றான் ஜைனம்புவிடம்.

"ஏரி உன் வூட்டு வேலைக்காரியா? அது பிரிச்சுக் குடுத்ததுல நீ மட்டும் எப்படி மாடி கட்டன?" என்று கேட்டாள் அவள்.

அதற்குப் பதிலாக அவன் கரையில் முள்கம்பி வேலி போட்டான். குத்தகை எடுத்துவிட்டதாகச் சொன்னான். யாரிடமிருந்து எடுத்தான் என்பதை யாரும் சொல்லவில்லை. காலங்காலமாகப் படகு ஏற்றிய இடத்தில் அவனுடைய காவல்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கால்வாயில் வருகிற சரக்கு போதவில்லை என்று சென்னைக் குப்பை மேடுகளிலிருந்து லாரி லாரியாகப் பிளாஸ்டிக்கை வாங்கி வந்து ஏரியில் கொட்டினான். கொட்டியதை இரண்டு நாளில் ஏரி பிரித்துக் கொடுத்தது. கூலி இல்லை, கரண்டு செலவு இல்லை. பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து பார்த்தார். நாட்டுக்கே இது முன்மாதிரி என்று பேசி, தண்ணீரில் ஒரு மாலையைப் போட்டார். இளநீர் குடித்துவிட்டுப் போனார். அந்த மாலையில் இருந்த ஜிகினாவை ஏரி மறுநாள் பூவிலிருந்து பிரித்துத் தனியாக வைத்தது.

ஏரிக்கு வேறு வேலை பார்க்க நேரமில்லாமல் போனது. இறால் வந்து தங்கவில்லை. மடவை மீன் முகத்துவாரம் வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கடலுக்கே திரும்பியது. இந்திராணியின் புருஷன் வேணு வலை இழுத்தால் பால் கவர்தான் வந்தது. அதையும் வேலிக்காரர்கள் தங்கள் சரக்கு என்று பிடுங்கிக்கொண்டார்கள். அவன் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் காட்டூரில் நாற்று நடப் போனான். குப்பத்துக் குழந்தைகள் மீன் இல்லாத குழம்பில் சோறு தின்றன.

எண்பத்து மூன்றில் பெண்கள் திருப்பாலைவனம் சாலையில் லாரிகளுக்குக் குறுக்கே உட்கார்ந்தார்கள். பர்தா போட்டவர்களும் கூடைக்காரிகளும் கோயில் தெரு மருமகள்களும் ஒன்றாக உட்கார்ந்திருந்ததால், யாரை முதலில் தூக்குவது என்று போலீஸ்காரர்களுக்கே குழப்பமாக இருந்தது. கடைசியில் எல்லோரையும் வேனில் ஏற்றி, வெயிலில் வெகுதூரம் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். அவர்கள் நடந்து திரும்பி வருவதற்குள் லாரிகள் கொட்டிவிட்டுப் போயிருந்தன. நிறைமாதமாக இருந்த ஒருத்திக்கு வழியிலேயே பிரசவம் ஆனது. குழந்தை தங்கவில்லை.

ஜைனம்பு அந்தக் குழந்தையை அடக்கம் செய்த இடத்திலிருந்து நேராக ஏரிக்கு வந்தாள். வேலியைத் தாண்டும்போது புடவை கிழிந்தது. காவல்காரன் தடுத்தான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் நகர்ந்துகொண்டான். இடுப்பளவு தண்ணீரில் நின்று அவள் ஏரியைத் திட்டினாள். அதுவரை கண்ணப்பனைத் திட்டியவர்கள் உண்டு, சர்க்காரைத் திட்டியவர்கள் உண்டு. ஏரியை யாரும் திட்டியதில்லை.

"உனக்கு வெக்கமா இல்ல? எங்க புள்ளைங்களுக்குச் சோறு போட்டவ, இப்ப அவனுக்குக் குப்ப பொறுக்கற! இது வாளி, இது குப்பினு பிரிக்கத் தெரியுது. இது யாரு வாளி, இது யாரு குப்பினு பிரிக்கத் தெரியாதா? அவ்ளோ அறிவு இருக்கறவ இதக் கத்துக்க மாட்டியா? யாருதோ அவங்ககிட்ட கொண்டுபோய்க் குடு!"

கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. இந்திராணி வந்து கையைப் பிடித்துக் கரையேற்றினாள்.

மறுநாள் கரை வெறுமையாக இருந்தது. பொன்னேரியில் கண்ணப்பனின் மாடி வீட்டை வாசலிலிருந்து மொட்டைமாடி வரை ஈரப் பிளாஸ்டிக் மூடியிருந்தது. காசு கொடுத்து வாங்கிக் கொட்டியவன் அவன்தான் என்பதால், லாரிச் சரக்கு முழுவதையும் ஏரி அவனுடையது என்றே எடுத்துக்கொண்டது. முன்பு அவன் விற்றது வாங்கியவர்களிடமே இருந்தது, அதைத் தொடவில்லை. கால்வாயில் வந்தவை ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் போய், எறிந்தவர்களின் வாசலில் காத்திருந்தன. அதிகாரி வீட்டுக் கேட்டில் ஷாம்பூ பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஜைனம்புவின் வாசலிலும் பல் உடைந்த சீப்பு ஒன்று கிடந்தது. அது தன்னுடையதுதான் என்று அவள் ஒப்புக்கொண்டு உள்ளே எடுத்துப் போனாள்.

கண்ணப்பன் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றித் திரும்ப ஏரியில் கொட்டிப் பார்த்தான். காலி லாரி பொன்னேரி திரும்புவதற்கு முன் சரக்கு வீட்டுக்கு வந்துவிட்டது. தவிர, இப்போது அது இனம் பார்த்து அல்ல, ஆள் பார்த்துப் பிரிக்கப்பட்ட சரக்கு. வாளியும் பையும் குப்பியும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. உருக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. உள்ளே அவன் மனைவி சமைக்க இடமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அவன் காரை எடுத்துக்கொண்டு பழவேற்காடு வந்து ஜைனம்பு வீட்டு வாசலில் நின்றான்.

"வந்து பிரிச்சுக் குடுங்கம்மா. கை வேகமா ஓடறது உங்களுக்குத்தான்," என்றான்.

"வேலி போவணும்," என்றாள் ஜைனம்பு.

"எடுத்துடறேன்."

"லாரி வரக் கூடாது. ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனியா எட போட்டு, நீ மெட்ராஸ்ல விக்கற வெலைல பாதி எங்களுக்கு. வழியில புள்ளயப் பறிகுடுத்தாளே, அந்தப் பொண்ணு வூட்டுக்கு நீயே போய் நின்னு, இன்னா பண்ணேனு உன் வாயால சொல்லணும்."

முதல் மூன்றுக்கும் உடனே தலையாட்டினான். கடைசியதைக் கேட்டதும் கார் வரை போய்த் திரும்பி வந்தான். பிறகு அந்த வீட்டுக்குப் போனான். அந்தப் பெண் கதவைத் திறக்கவில்லை. மூடிய கதவிடம் சொல்லிவிட்டுத் திரும்பினான்.

பெண்கள் அவன் வீட்டில் கிடந்ததைப் பிரித்து முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இறால் எண்பத்தைந்தில் வந்தது, முன்பு போல் இல்லை என்றாலும் வந்தது. வேணு காட்டூரிலிருந்து திரும்பி வலையைப் பிரித்தான். சென்னைக்காரர்கள் கால்வாயில் எறிவதை மட்டும் நிறுத்தவில்லை. அதனால் தினமும் காலையில் வாளிகளும் பைகளும் தண்ணீர் சொட்டச் சொட்டச் சாலையில் உருண்டு, அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் பொன்னேரி பக்கத்துக் கூடைக்காரிகளோடு ரயில் ஏறுகின்றன. ஆரம்பத்தில் டிக்கெட் பரிசோதகர் அவற்றை இறக்கிவிடப் பார்த்தார். இப்போது அவரும் சும்மா இருக்கிறார். ஏறும்போது யாராவது, "நைனா, கால கொஞ்சம் நகத்து, அது ராயபுரத்துல எறங்கணும்," என்பார்கள். உட்கார்ந்திருப்பவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் காலை நகர்த்திக்கொள்வார்.