வீட்டுக்காரம்மா

நான் பொய்யே சொன்னதில்லை. பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில், "பொம்பளை தனியாவா இருக்கே?" என்று யார் கேட்டாலும், "வீட்டுக்காரம்மாகூட இருக்கேன்" என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லிவந்தேன். வாடகை வீட்டின் சொந்தக்காரி என்று அவர்களாக நினைத்துக்கொண்டால் அதற்கு நானா பொறுப்பு? எதிர் மேஜைத் தட்டச்சு அக்கா என் சாப்பாட்டு டப்பாவை எட்டிப் பார்த்து, இப்படிச் சமைத்துக் கட்டித் தருகிற ஹவுஸ் ஓனர் தனக்கு வாய்க்கவில்லையே என்று பெருமூச்சு விடுவாள். சாயங்காலம் அதை வீட்டுக்காரம்மாவிடம் நடித்துக்காட்டுவேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

அந்த வயிற்றில்தான் அவளுக்குக் கட்டி வந்தது. வியாழக்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே வியாழக்கிழமை பட்டமளிப்பு விழா. அங்கிகள் முழுக்க என் பொறுப்பு. அந்த வாரம் குடும்பத்தில் யாருக்காவது உடம்பு முடியாவிட்டால் மட்டும்தான் லீவு.

எங்கள் பிரிவின் சூப்பிரண்டு அறைக்குப் போனேன். மனுஷன் கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல். போன மாதம் நடந்த 'எல்லோரும் நம்மவரே' வாரத்துக்கு அவர்தான் ஒருங்கிணைப்பாளர். யார் யாரை விரும்பினாலும் இங்கே அவர்களுக்கு முழு மரியாதை உண்டு என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். வானவில் நிறத்தில் அத்தனை பலூனையும் மூச்சு முட்ட ஊதியது நான். அந்த வாரத்தின் சுவரொட்டி இன்னும் அவர் தலைக்கு மேலேயே ஒட்டியிருந்தது.

வீட்டுக்காரம்மாவுக்கு ஆபரேஷன், லீவு வேண்டும் என்றேன். சிரித்துவிட்டார். ஹவுஸ் ஓனருக்காக லீவு கேட்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறாராம். வாடகையைக் குறைப்பார்களா என்று வேறு கேட்டார். வெளியே உட்கார்ந்திருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"சார், நீங்க யாரை வீட்டுக்காரம்மான்னு சொல்வீங்க?"

"என் மனைவியைத்தான்."

"நானும் அதே அர்த்தத்துலதான் சொல்றேன்."

வெளியே சிரிப்பு நின்றது. அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். மைக் வைத்துப் பேசிய அதே விஷயத்தைக் கேட்க அவருக்குக் கதவு சாத்த வேண்டியிருந்தது. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். பதிவாளர் ஒரு மாதிரியாம். இதையெல்லாம் பார்த்தால் தாம்தூம் என்று குதிப்பாராம்.

"கூடப் பிறந்த அக்கான்னு எழுதிக் குடும்மா. இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்."

பேனாவைக் கையில் எடுத்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். வியாழக்கிழமை கைக்கு வந்துவிடுமே. ஆனால் அந்த வார்த்தையை எழுதப் போனதும் அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"அவளுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, நான் அக்காவுக்கா சார் அழணும்?"

'மனைவி' என்று கொட்டை எழுத்தில் எழுதி அவர் மேஜையில் வைத்தேன். கதவை நானே திறந்துகொண்டு வெளியே வந்தேன். யாரும் தலை நிமிரவில்லை. தட்டச்சு அக்கா மட்டும் அங்கி அறைச் சாவியைக் கொடு என்று கையை நீட்டினாள்.

"அங்கியை நான் பாத்துக்கறேன். நீ போய் அவளைப் பாரு. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல, கழுதை."

வியாழக்கிழமை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. சூப்பிரண்டு. பின்னால் விழாவின் கைதட்டல் கேட்டது. நான் லீவு இல்லாமல் போயிருக்கிறேன் என்று பதிவாளர் மெமோ கொடுக்கச் சொல்கிறாராம். வேலைக்கே உலை வைத்துவிடுவாராம். அந்த ஒரு வார்த்தையை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமாம்.

"மாத்த மாட்டேன் சார். வேணும்னா என்னை மாத்திட்டு வேற ஆளைப் போட்டுக்கச் சொல்லுங்க."

கதவு திறந்தது. நர்ஸ் அவள் பெயரைச் சொல்லிவிட்டு, அங்கே இருந்த ஆண்களின் முகமாகப் பார்த்துத் தேடினாள்.

"இவங்க வீட்டுக்காரர் யாருங்க?"

எழுந்து நின்றேன். போனை அணைக்கவில்லை, வேண்டுமென்றேதான்.

"நான்தான்."

நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம், கட்டியை எடுத்தாகிவிட்டது, கண் விழித்ததும் உங்களைத்தான் கேட்டார்கள் என்றாள். போனைக் காதில் வைத்தேன்.

"கேட்டுச்சா சார்?"

"கேட்டுச்சும்மா."

அதை அப்படியே பதிவாளரிடம் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, என் பெண்டாட்டியைப் பார்க்க உள்ளே போனேன்.