கம்பிக்குக் கீழே ஓர் ஆணி

முத்தாபுதுப்பேட்டையில் ஹைடென்ஷன் கம்பிக்கு நேர் கீழே இருக்கும் அந்த வீட்டில், ஆணி அடித்து நிறுத்தாத எதுவும் வைத்த இடத்தில் நிற்காது. ஒரு சாண் உயரே மிதக்கும். மனுஷாளும் அப்படித்தான். முன்பு குடியிருந்தவர்கள் கிரைண்டரை ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்களாம். வாசல் தாண்டினால் எல்லாம் பழையபடி கனக்கும். தெருவில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. போர் தண்ணீர் உப்புக் கரிப்பதைத்தான் பேசுவார்கள்.

ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரகுநாதன், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய ஆறு வாரமே பாக்கி இருந்தபோது, மனைவி கஸ்தூரியோடு அந்த வீட்டைப் பார்க்க வந்தார். நெமிலிச்சேரி முதல் ஐயப்பன்தாங்கல் வரை பதினேழு வீடு பார்த்தாயிற்று, எதுவும் கைக்கு எட்டவில்லை. கஸ்தூரிக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. முப்பத்தொரு வருஷக் குவார்ட்டர்ஸ் வாழ்க்கையில் அவள் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. “கவர்மென்ட் சுவரு. காலி பண்றப்ப ஓட்டையை எண்ணுவான்” என்று சுத்தியலை பீரோவில் வைத்துப் பூட்டிய மகானுபாவர் ரகுநாதன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சாமி படம், காலண்டர், கடிகாரம் என்று தாராளமாக மாட்டினார்கள். மூன்று வயதில் காய்ச்சலில் போன மகள் ஷோபனாவின் படம் மட்டும் இவர்கள் டிரங்குப் பெட்டியில், புடவைகளுக்கு அடியில் கிடந்தது. அதை நினைத்தால் கஸ்தூரிக்கு உட்கார முடியாது. எழுந்து வாசலுக்கும் கொல்லைக்குமாக நடப்பாள்.

சோதிக்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாத ரகுநாதன், கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டைப் பையிலிருந்து எடுத்து இறக்கினார். தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது நூல் தளர்ந்து குண்டு மிதந்தது. அவர் ஆச்சரியப்படவில்லை, எரிச்சல்பட்டார். மாடி எடுக்க விடமாட்டான், பேங்கில் லோன் கிடைக்காது, மழை வந்தால் கம்பி சீறும், நாளைக்கு விற்கப் போனால் ஒருத்தனும் எட்டிப் பார்க்கமாட்டான், உடம்புக்கு என்ன வருமோ அது வேறு என்று அந்தரத்தில் நின்றபடியே அடுக்கினார். கடைசியில், தேறாத சரக்குக்குப் போடும் தொழிற்சாலைப் பழக்கத்தில் கதவின் மேல் சாக்பீஸால் பெரிய பெருக்கல் குறி போட்டுவிட்டார்.

வீட்டைக் காட்ட வந்திருந்த புரோக்கர் கோவிந்தனுக்குப் பொறுக்கவில்லை. “இன்னா சார் நீ? பொருளுதான மெதக்குது, ஊடு அங்கயேதான கீது!”

அறை அறையாக அலைந்துகொண்டிருந்த கஸ்தூரி நின்றாள். “ஆணி அடிச்சா நிக்குமா?”

“ஆணி அடிச்சாதான்கா நிக்கும். கட்லு, பீரோ, எதுவா இருந்தாலும் அடிச்சே ஆவணும்.”

கஸ்தூரி முந்தானையால் அந்தப் பெருக்கல் குறியை அழித்தாள். “ஏங்க, நீங்க சொன்னது அத்தனையும் நெசந்தான். ஆனா என் பொண்ணு பெட்டியில கிடந்தது போதும்” என்றாள். ரகுநாதன் தூக்குக்குண்டின் நூலைச் சுற்றிப் பையில் போட்டார். ஓய்வுப் பணத்தில் மாதக் கடைசிக்குள் பத்திரப்பதிவு முடிந்தது.

பால் காய்ச்சும் அன்று, பாத்திரத்தை அடுப்போடு அழுத்திப் பிடித்துக்கொள்ள அவரை நிறுத்திவிட்டு, அவள் கூடத்துச் சுவரில் முதல் ஆணியை அடித்து ஷோபனாவை மாட்டினாள். படம் அசையவில்லை. பால் பொங்கியது. பிடித்த பிடி விடாமல் ரகுநாதன் தேம்பித் தேம்பி அழுதார். கண்ணீர் தரைக்கு வராமல் ஒரு சாண் மேலேயே நின்றது. கஸ்தூரி அதைத் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, கட்டிலுக்கு ஆணி தேடப் போனாள்.

நாலு வருஷமாகிறது. மழையில் கம்பி சீறத்தான் செய்கிறது. மாடி எடுக்கவும் முடியவில்லை. சாயங்காலமானால் கஸ்தூரி படத்துக்கு எதிரே, தரைக்கு ஒரு சாண் மேலே, சம்மணம் போட்டு உட்காருகிறாள். எழுந்து நடக்க அவளுக்குத் தோன்றுவதில்லை.