சண்டைக்கு ஒரு தியேட்டர்

மருமகள் வந்து இரண்டு வருஷம் ஆகியும் அந்த வீட்டில் யாரும் அவள் குரல் உயர்ந்து கேட்டதில்லை. மாமனார் இதைப் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார். "எங்க வீட்லேருந்து ஒரு சத்தம் வந்து கேட்டிருக்கீங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரரை மாடிப்படியில் மறித்து நிறுத்திக் கேட்பார். கையில் பால் பாக்கெட்டோடு நிற்கும் அந்த மனிதர், இல்லை என்று சொன்னால்தான் வீடு போய்ச் சேர முடியும். அவர் சொன்னது உண்மையும்கூட. அதற்காக மருமகள் சண்டையே போடுவதில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அவள் தியேட்டரில் போட்டாள்.

மாமனார் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்க "உஷ்" என்று சொல்லியே சம்பளம் வாங்கியவர். பழக்கம் விடுமா? சமையலறையில் கரண்டி விழுந்தாலே அவருடைய விரல் உதட்டுக்குப் போய்விடும். வீடோ மூன்று அறை. மாமியார் அந்தப் பக்கம் புரண்டு படுத்தால் இந்தப் பக்கம் கட்டில் ஆடுகிற மாதிரி இருக்கும். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். இந்த வீட்டுச் சுவருக்குக் காதைத் தவிர வேறு எதுவுமே இல்லை.

புருஷன் பெண்டாட்டி என்றால் சண்டை இல்லாமல் இருக்குமா? மனசில் இருப்பதைக் கொட்டாமல் வைத்துக்கொண்டால் அது புளித்துத்தான் போகும். கல்யாணமான புதிதில் ஒரு நாள் இருவரும் சினிமாவுக்குப் போனார்கள். திரையில் நாலு கார்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தபோது, மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்த ஒரு விஷயத்தை அவள் அவன் காதில் சொன்னாள். அவனும் சளைக்காமல் பதில் சொன்னான். கார்கள் வெடித்தன, இவர்களும் வெடித்தார்கள், முன்வரிசையில் இருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடைவேளையில் சமாதானமாகி ஒரே பொட்டலத்தில் பாப்கார்ன் தின்றார்கள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

படத்தைத் தேர்ந்தெடுப்பது அவள் பொறுப்பு. யார் நடித்தது, யார் எடுத்தது என்றெல்லாம் பார்க்க மாட்டாள். போஸ்டரில் எத்தனை துப்பாக்கி இருக்கிறது என்று பார்ப்பாள். பின்னால் நெருப்பு எரிந்தால் ரொம்ப நல்லது. ஒரே ஒரு தடவை, விருது வாங்கிய படம் என்று யாரோ சொன்னதை நம்பிப் போய் மாட்டிக்கொண்டார்கள். அதில் ஒருவர் ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறார், பார்க்கிறார், பார்த்துக்கொண்டே இருக்கிறார். தியேட்டரில் அடுத்த ஆள் எச்சில் விழுங்குவது கேட்டது. அன்றைக்குப் போட வேண்டிய சண்டையை அப்படியே திருப்பி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இன்னொரு விசேஷம் உண்டு. வீட்டில் அவள் கணவனை "நீங்க, வாங்க" என்பாள். விளக்கணைந்து சத்தம் ஆரம்பித்ததும் "நீ, வா, போ" என்று இறங்கிவிடுவாள். அவனுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. படம் முடிந்து இருவரும் முகம் தெளிந்து வீடு திரும்பும்போது, "படம் எப்படிம்மா?" என்று மாமியார் கேட்பாள்.

"நல்லா இருந்துச்சு அத்தை."

"கதை என்ன?"

"கடைசியில நல்லவன் ஜெயிச்சிடுறான் அத்தை."

மாமனார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். பாவம், இந்தப் பிள்ளைகளுக்குச் சினிமா என்றால் உயிர், பஸ் பிடித்து வரிசையில் நின்று அலைகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் ஒரு டிவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதைக் கதவு வழியாக உள்ளே கொண்டுவர நாலு ஆட்கள் தேவைப்பட்டார்கள். மாட்டி முடித்தபோது அந்தப் பக்கத்துச் சுவரே காணாமல் போயிருந்தது. இரண்டு மூலையிலும் ஆள் உயர ஒலிப்பெட்டி. "இனிமே எந்தப் படமா இருந்தாலும் நம்ம வீட்லயே. எதுக்கு வெயில்ல அலையணும்?" என்றார். மருமகள் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது?

இந்த நேரம் பார்த்துத்தான் அவளுக்கு வாழ்க்கையிலேயே பெரிய சண்டை ஒன்று பாக்கி இருந்தது. அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். ஊசி குத்தி ரத்தம் எடுப்பதில் கைராசிக்காரி. அழுகிற குழந்தைகூட அவள் குத்தி முடித்த பிறகுதான் அழ வேண்டியது ஞாபகம் வந்து அழும். அந்த நிலையம் வேறொரு ஊரில் கிளை திறக்கிறது. அதற்கு அவளையே பொறுப்பாளராகப் போகச் சொன்னார் முதலாளி. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள். கணவனுக்கும் சிக்கல் இல்லை. அவன் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன், எந்த ஊரிலும் ஜனங்கள் துணி துவைக்கத்தான் செய்கிறார்கள். சிக்கல் ஒன்றே ஒன்றுதான். அப்பாவிடம் யார் சொல்வது? பூனைக்கு மணி கட்டுகிற வேலை மகனுடையது. மகனோ பூனையைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போகிற ஜாதி. அவன் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் டிவி வந்து இறங்கியது.

வியாழக்கிழமை சாயங்காலம் சினிமாவுக்குக் கிளம்பினார்கள். மாமனார் வாசலிலேயே பிடித்துவிட்டார். "எந்தப் படம்? அதுவா? அது இங்கயே இருக்கே." அவர் முகம் வாடிவிட்டதைப் பார்த்து இருவரும் செருப்பைக் கழற்றினார்கள். பூங்காவுக்குப் போய்ப் பார்த்தார்கள். அடுத்த பெஞ்சில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார். வேலை நடுவே போனில் சண்டை போட முயன்றாள், ரத்தம் கொடுக்க வந்த ஆள் அவளுடைய முகத்தையும் கையிலிருந்த ஊசியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். எழுதி அனுப்பிப் பார்த்தாள். பக்கம் பக்கமாக அவள் அனுப்பியதற்கெல்லாம் அவன் ஒரு கட்டைவிரல் பொம்மையை அனுப்பினான். கட்டைவிரலோடு எவள்தான் சண்டை போட முடியும்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் துணிந்தாள். "மாமா, இன்னைக்குத் துப்பாக்கிச் சண்டை இருக்கிற படமாப் போடுங்க." மாமனாருக்கு ஆச்சரியம். பூ மாதிரி இருக்கிற பெண்ணுக்கு இப்படி ஒரு ருசியா என்று யோசித்தபடி, ராணுவத்துப் படம் ஒன்றைத் தேடி எடுத்தார். திரைச்சீலையை இழுத்துவிட்டார். எல்லாருடைய போனையும் வாங்கி ஒரு தட்டில் வைத்தார். கண் சரியாகத் தெரியாததால் அவரும் மாமியாரும் முன்னால் நாற்காலியில். இளசுகள் பின்னால் சோபாவில். மருமகள் மனசுக்குள் அவருக்கு நன்றி சொன்னாள்.

ஆனால் வீட்டுச் சினிமாவுக்கும் தியேட்டருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் திரையிலும் இல்லை, ஒலிப்பெட்டியிலும் இல்லை. தியேட்டரில் எவனும் படத்தை நிறுத்த முடியாது. இங்கே ரிமோட் மாமனார் கையில் இருந்தது. மாமியார் கண்ணாடி துடைத்தால் நிறுத்துவார். வாசல் மணி அடித்தால் நிறுத்துவார். படத்தில் வரும் மலைக்கு எவ்வளவு உயரம் இருக்கும் என்று சொல்ல நிறுத்துவார். அவர் நிறுத்துகிற ஒவ்வொரு தடவையும் மருமகள் வாயைத் திறந்து மூட வேண்டியதாயிற்று.

கடைசியில் ஒரு ஹெலிகாப்டர் வந்தது. அதன் பின்னாலேயே இன்னும் இரண்டு வந்தன. பீரங்கி முழங்கியது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

"சொல்லிட்டியா?"

"எப்படிச் சொல்றது? பாவம், இப்பத்தான் இவ்வளவு பெரிய டிவி வாங்கியிருக்காரு."

"நாளைக்கு நான் பதில் சொல்லணும்."

"ஒரு மாசம் போகட்டுமே."

"ஒரு மாசத்துல அந்த நாற்காலியில வேற எவளாவது உட்கார்ந்திருப்பா."

அவன் பாப்கார்னை வாயில் போட்டுக்கொண்டான். அவளுக்கு உள்ளங்காலில் இருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. பீரங்கிக்கு ஏற்றபடி குரலை ஏற்றினாள்.

முன்னால் இருந்த மாமனார் அவர்கள் குசுகுசுப்பதைக் கவனித்துவிட்டார். மருமகளுக்குக் கதை புரியவில்லை, கூச்சப்பட்டுக்கொண்டு புருஷனிடம் கேட்கிறாள் என்று அவருக்குப் பட்டது. தானே விளக்கிச் சொல்லலாம் என்ற நல்லெண்ணத்தில் பொத்தானை அழுத்தினார்.

"உங்கப்பா டிவி வாங்கினார்னு நான் என் வேலைய விட முடியாதுடா, பயந்தாங்கொள்ளி!"

திரையில் ஹெலிகாப்டர்கள் அந்தரத்தில் நின்றன. வீடு அமைதியாக இருந்தது. மாமனார், "என்னம்மா, கதை புரியலையா?" என்று கேட்பதற்காகப் புன்னகையோடு திரும்பியிருந்தார். கேள்வி தொண்டையிலேயே நின்றுவிட்டது, புன்னகையை எடுக்கத்தான் அவருக்கு மறந்துபோயிற்று.

"எந்த வேலை?" என்றார் மெல்ல.

மகன் பாப்கார்ன் பாத்திரத்துக்குள் எதையோ தேடினான்.

"டா போட்டியாம்மா?" என்றாள் மாமியார். கோபமாகக் கேட்ட மாதிரி தெரியவில்லை.

இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதுமே இல்லை என்று மருமகளுக்கு நன்றாகத் தெரிந்தது. "அது வந்து மாமா..." என்றாள். குரல் வரவில்லை. இரண்டு வருஷமாக இந்த வீட்டின் அமைதியில் "சரி மாமா" மட்டுமே சொல்லிப் பழகிய தொண்டை அது. வேறு சொல் அதில் ஏற மறுத்தது. மறுபடியும் "அது வந்து" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

மாமியார் எழுந்தாள். கணவர் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினாள். வாங்கினாள் என்பது மரியாதைக்கு, பிடுங்கினாள் என்பதுதான் சரி. படத்தை ஓடவிட்டு, சத்தத்தை ஏற்றினாள், இன்னும் ஏற்றினாள். தட்டில் இருந்த போன்கள் நடுங்கின.

"இப்பச் சொல்லும்மா," என்றாள்.

மருமகள் சொன்னாள். முதலில் தயங்கி, பிறகு திரையில் ஒரு பாலம் தகர்ந்ததும் தைரியம் வந்து, மொத்தத்தையும் சொன்னாள். புதுக் கிளை, பொறுப்பாளர் வேலை, திங்கட்கிழமை, மகனுடைய நாளைக்கு நாளைக்கு, எல்லாம் வெளியே வந்தன. மாமனார் பதிலுக்குக் கத்தினார். கத்தியே பழக்கமில்லாத குரல், நடுவில் கீச்சென்று உடைந்தது.

"அப்ப இந்த டிவி யாருக்கு? நீங்க ரெண்டு பேரும் வாராவாரம் வெளிய ஓடிடுறீங்க. வீட்ல தங்கட்டுமேன்னுதானே வாங்கினேன். எனக்கு எதுக்கு டிவி? எனக்குப் புஸ்தகம் போதும்!"

ஊருக்குக் காட்டிக்கொள்ள வாங்கினார் என்றுதான் மருமகள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். மனுஷன் தங்களோடு உட்கார ஆசைப்பட்டிருக்கிறார். அதற்காக விட்டுக்கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவருக்குப் பின்னால் திரையில் நாலைந்து லாரிகள் வெடித்துக்கொண்டிருந்தன, அந்தச் சத்தத்தில் பொய் சொல்ல அவளுக்குப் பழக்கமில்லை.

"நாங்க படம் பார்க்கப் போகலை மாமா! சண்டை போடப் போனோம்!"

"சண்டைக்கா? சண்டைக்கு எதுக்குத் தியேட்டர்?"

"இங்க எங்க போடுறது? கரண்டி விழுந்தாலே உஷ்ங்கிறீங்க!"

"அதுக்குன்னு? நான் என்ன உன்னைக் கட்டியா போட்டிருக்கேன்? வேலை வந்தா என்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே? போன்னா போகப் போறே! போ! தாராளமாப் போ! நான் வேண்டாம்னா சொன்னேன்?"

அவர் "தாராளமாப் போ" என்கிற இடத்தில் படத்தில் கடைசிக் குண்டு வெடித்து முடிந்திருந்தது. மிச்சத்தை அவர் நிசப்தத்தில் கத்தினார். திரையில் பெயர்கள் சத்தமில்லாமல் மேலே ஏறிக்கொண்டிருந்தன. தான் சொன்னதைத் தானே கேட்டவராக மாமனார் நின்றார். கோபத்தில் வந்த வார்த்தைதான், ஆனால் வந்துவிட்டது. ஒரு தடவை சொன்னதை மாற்றிப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. அவர் மருமகளைப் பார்த்தார். அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"நிஜமாவா மாமா?"

"எப்பப் போகணும்?" என்று கேட்டார், பழைய குரலில்.

"அடுத்த மாசம் மாமா."

"அப்பா, நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்," என்று மகன் ஆரம்பித்தான். "நீ சும்மா இரு" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அந்த வீட்டில் அவர்கள் முதல்முறையாக ஒத்துப்போனது அந்த விஷயத்தில்தான். மருமகளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இரண்டையும் செய்தாள்.

மாமனார் களைத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். டிவியை அணைக்கலாம் என்று மனைவியிடம் கையை நீட்டினார். மாமியார் ரிமோட்டைத் தரவில்லை. மகனையும் மருமகளையும் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வாங்க," என்றாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு படம் தேடுங்க. நீளமான படமா இருக்கட்டும். எனக்கு உங்ககிட்டப் பேச வேண்டியது நிறைய இருக்கு."